பூசையன்னிக்கு நின்ன மெஷின்

முழங்கையைக் கொஞ்சம் உள்ள எடுத்துக்குங்க. கோவிச்சுக்காதீங்க, பழக்கதோசம். இந்த ரோட்டுல எதிர்ல வர்ற லாரிக்காரன் ஒரசிக்கிட்டுத்தான் போறான். அடுத்தவங்களை இதைச் செய்யாதே, அதைத் தொடாதேன்னு சொல்லிச் சொல்லியே வாய் அப்படி ஆயிப்போச்சு. பேக்டரியில சேப்டி ஆபீசருங்க நானு. பேரு வெள்ளிங்கிரி. கம்பெனி பேரு வேண்டாம். சிங்காநல்லூர்ல இருக்குது, மோட்டாருக்குள்ள வர்ற இரும்புத் தகடு வெட்டற கம்பெனி. அது போதும்.

காரணம்பேட்டையில ஒரு வீட்டுக்குப் போயிட்டு வர்றேனுங்க. நல்ல காரியம்னு நினைச்சுத்தான் போனேன். இப்ப அது நல்ல காரியந்தானான்னு தெரியலை. தண்ணி வேண்டாங்க, நீங்களே குடிங்க. ஆருகிட்டயாச்சும் சொன்னாத் தேவலைன்னு இருக்குது. நீங்க சொந்தக்காரரும் இல்லை, கம்பெனி ஆளும் இல்லை. அதனாலதான் சொல்றேன்.

எங்கிட்ட ஒரு புள்ளை வேலை கத்துக்க வந்துச்சுங்க. மோனிஷான்னு பேரு. அப்பனும் ஆத்தாளும் தறி ஓட்டறவங்க. இது மெக்கானிக்கல் இன்ஜினியரிங் முடிச்சுட்டு, நேரா என் முன்னாடி வந்து நின்னு, "சார், எனக்கு சேப்டி ஆபீசர் ஆகோணும்"னு சொல்லுச்சு. எனக்குச் சிரிப்பு வந்துருச்சு. எல்லாப் பசங்களும் வேற எங்கயும் வேலை கிடைக்காமத்தான் இந்தப் பக்கம் வருவாங்க. நானே அப்படி வந்தவன்தான். அது வேற விசயம்.

சேப்டி ஆபீசர்னா மஞ்சத் தொப்பியைப் போட்டுக்கிட்டு சுத்தறதுன்னு நினைச்சுறாதீங்க. டிகிரி வேணும். அதுக்கப்புறம் ரெண்டு வருசம் பேக்டரியில ஒரு சேப்டி ஆபீசருக்குக் கீழ வேலை பார்த்தேன்னு சர்டிபிகேட் வேணும். அது இருந்தாத்தான் டிப்ளமாவுல சீட்டு. டிப்ளமா முடிச்சாத்தான் கையெழுத்துப் போடற ஆபீசர். இல்லாட்டி காலம் பூரா அசிஸ்டெண்டுதான். ஆக, அந்தப் புள்ளைக்கு ரெண்டு வருசம் சொல்லிக் குடுத்து, கடைசியில கையெழுத்துப் போட்டுக் குடுக்க வேண்டியது நானு.

நல்லாச் சொல்லிக் குடுத்தேனுங்க. அதுல குறை வெக்கலை. மொத மாசம் பேனாவையே தொடவிடலை. தகடு வெட்டற பிரஸ் ஷாப்புல நிக்க வெச்சேன். ஒரு நாள் அது என்ன பண்ணுச்சு தெரியுங்களா? ஒரிசாப் பசங்க கையுறை போடமாட்டேங்கறாங்கன்னு நான் வருசக்கணக்கா பைன் போட்டுக்கிட்டு இருந்தேன். இது கையுறையை மாட்டிக்கிட்டு அவங்களோட நின்னு தகடு தூக்கிப் பார்த்துருக்குது. பார்த்துட்டு வந்து, "சார், நாம வாங்கறது பெரிய சைஸுங்க. அவங்க கைக்கு லூசா இருக்குது, தகடு நழுவுது. நாமளே போட்டாலும் கழட்டித்தான் வெப்போம்"னு சொல்லுச்சு. நான் எம்.டி.கிட்டப் பேசிச் சின்ன சைஸ் வாங்கிக் குடுத்தேன். பேரு எனக்குத்தான் வந்துச்சு. அது வேற விசயம்.

நான் சொல்லிக் குடுத்ததுல முக்கியமானது ஒண்ணு. ஒவ்வொரு மெஷின்லயும் செவப்பா ஒரு பட்டன் இருக்கும். அழுத்தினா அந்த நிமிசமே நின்னுரும். "உனக்குச் சந்தேகம் வந்துச்சுன்னா அழுத்து. அழுத்திட்டு அப்புறமாக் காரணம் சொல்லிக்கலாம். எம்.டி.யே பக்கத்துல நின்னாலும் சரி, அமெரிக்காக்காரன் நின்னாலும் சரி. நின்ன மெஷினைத் திரும்ப ஓட்டிக்கலாம், போன கையை ஒட்ட வெக்க முடியாது." இதை எத்தனை தடவை சொல்லியிருப்பேன்னு எனக்கே தெரியாது. டிரெய்னிங் ஹால்ல சொல்லும்போது எனக்கே உடம்பு சிலுத்துக்கும். நல்லாப் பேசுவேனுங்க நானு.

சரி, பூசை விசயத்துக்கு வர்றேன்.

எங்க கம்பெனியில ஆயுத பூசை பெருசா நடக்கும். வாழைக்கன்னு கட்டி, ஒவ்வொரு மெஷினுக்கும் சந்தனம் குங்குமம் வெச்சு, செவ்வந்தி மாலை போட்டு, பொரி கடலை குடுத்து, எல்லா ஊர்லயும் பண்றதுதான். ஆனா எங்ககிட்ட ஒரு வழக்கம் உண்டு. கம்பெனியை ஆரம்பிச்சவரு எம்.டி.யோட அப்பா. பெரிய ஐயான்னு சொல்லுவோம். அவரு தன் கையால ஒரு எலுமிச்சம்பழத்தைப் பெரிய பிரஸ்ஸோட அச்சு மேல வெப்பாரு. ஆபரேட்டர் பெடலை மிதிப்பான். மேல இருந்து இறங்கற அச்சு பழத்தை ரெண்டா வெட்டும். அதுதான் வருசத்தோட மொத அடி. பழம் சுத்தமா ரெண்டாப் பொளந்தா அந்த வருசம் ஆர்டர் நல்லா வரும்.

இதுல என்ன சிக்கல்னா, அந்த பிரஸ்ஸுக்கு முன்னாடி சென்சார் இருக்குது. ரெண்டு பக்கமும் கம்பம் மாதிரி நிக்கும். நடுவுல கண்ணுக்குத் தெரியாத வெளிச்சம் ஓடும். கை குறுக்க போச்சுன்னா மெஷின் இறங்காது. கை மட்டுமில்லை, மாலை தொங்கினாலும் இறங்காது. சென்சார் கண்ணு மேலயே சந்தனப் பொட்டு வெச்சுருப்பாங்க, அப்புறம் எங்க இறங்கறது. அதனால பூசையன்னிக்கு மட்டும் ஒரு சாவியைத் திருப்பி சென்சாரை அணைச்சு வெப்போம். வருசா வருசம் அந்தச் சாவியைத் திருப்பறது ஆருன்னு நினைக்கறீங்க? நான்தான். குளிச்சுட்டுப் பட்டையெல்லாம் போட்டுக்கிட்டு வந்து திருப்புவேன்.

முந்தின நாளு அந்தப் புள்ளை கேட்டுச்சு. "சார், நாளைக்கு சென்சாரை அணைக்கறதுக்குப் பர்மிட் எழுதோணுங்களா?" நாங்க என்ன வேலை பண்ணினாலும், யாரு சொல்லி, என்ன பாதுகாப்பு வெச்சுப் பண்றோம்னு எழுதி ஒட்டிட்டுத்தான் பண்ணுவோம். அதைத்தான் கேட்டுச்சு. நான் என்ன சொன்னேன் தெரியுங்களா? "சாமிக்குப் பர்மிட்டா? போ அம்மிணி, போய்ப் பூக்கட்டு"ன்னு சொன்னேன். எல்லாரும் சிரிச்சாங்க. அதுவும் சிரிச்சுச்சு. ஆனாப் போகாம நின்னுச்சு. "அப்ப பெரிய ஐயா கை உள்ள இருக்கறப்ப யாருங்க சார் பார்த்துக்குவாங்க?" நான் பார்த்துக்கறேன்னு சொன்னேனுங்க.

அன்னிக்கு மணி அடிக்குது, தட்டுல சூடம் எரியுது, எம்.டி.யோட அம்மா, பெரியம்மான்னு சொல்லுவோம், ஆரத்தியோட நிக்கறாங்க. பெடல் கிட்ட நம்ம பிகாஷு. ஒரிசாப் பையன், நல்ல வேலைக்காரன். எம்.டி. தலையை ஆட்டினா மிதிக்கோணும், அவ்வளவுதான் அவனுக்குச் சொன்னது. பெரிய ஐயா பழத்தை வெச்சாரு. வயசாச்சுங்க, கை நடுக்கம். பழம் உருண்டு அக்கட்டால, அச்சோட அந்தப் பக்கம், போயிருச்சு. அவரு குனிஞ்சு மறுபடியும் கையை உள்ள விட்டாரு. அந்த நேரம் பார்த்து ஐயர் நல்ல நேரம் போகுதுங்கறாரு. எம்.டி. ஐயரைப் பார்த்துத் தலையை ஆட்டறாரு.

நான் எங்க இருந்தேன்னா, சூடத்தைத் தொட்டுக் கண்ணுல ஒத்திக்கிட்டு இருந்தேன்.

டக்குனு ஒரு சத்தம். மெஷின் நின்னு போச்சு. மோட்டார் ஓசை அடங்கினதும் மணி அடிச்சுக்கிட்டிருந்தவனும் நிறுத்திட்டான். பார்த்தா, மோனிஷா செவப்பு பட்டன் மேல கையை வெச்சுக்கிட்டு நிக்குது. பெரிய ஐயா பதறிப் போயிக் கையை எடுத்தாரு. எலுமிச்சம்பழம் தரையில விழுந்து எல்லார் காலுக்கும் நடுவுல உருண்டுச்சு. பெரியம்மா "ஐயோ"ன்னு ஒரே வார்த்தை. அப்புறம் ஆரத்தித் தட்டைக் கீழ வெச்சுட்டாங்க.

எம்.டி. கத்தலைங்க. கத்தியிருந்தாக்கூட நானும் ஏதாச்சும் சொல்லியிருப்பனோ என்னமோ. மெதுவாத்தான் கேட்டாரு. "ஆரைக் கேட்டு நிறுத்தினே?"

அந்தப் புள்ளை திரும்பி என்னைப் பார்த்துச்சு. ஒரே ஒரு தடவைதான் பார்த்துச்சுங்க.

நான் சொன்னேன், "சின்னப் புள்ளைங்க சார். ஆர்வக்கோளாறு. நான் சொல்லி வெக்கறேன்."

இதுதாங்க நான் சொன்னது. பொய் இல்லை பாருங்க. சின்னப் புள்ளைதானே. அதைக் காப்பாத்தத்தான் அப்படிச் சொன்னேன். அந்த இடத்துல நான்தான் அழுத்தச் சொல்லிக் குடுத்தேன்னு சொல்லியிருந்தா ரெண்டு பேருமே வெளிய போயிருப்போம். அப்புறம் அதுக்கு ஆரு சர்டிபிகேட் குடுக்கறது? வீட்டுல எம் பொண்ணுக்கு அப்பத்தான் மாப்பிள்ளை பார்த்துக்கிட்டு இருந்தோம். நீங்களே சொல்லுங்க.

டிக்கெட் எடுத்துட்டேனுங்க கண்டக்டரே. இதோ.

எதுல விட்டேன்? ஆங், பிகாஷு. ரெண்டு நாள் கழிச்சு அந்தப் பையன் கேண்டீன் பின்னாடி என்னைக் கூப்பிட்டான். அரைகுறைத் தமிழ்ல சொன்னான். "சார், நான் மிதிச்சாச்சு. மேடம் நிறுத்தலைன்னா ஐயா கை போச்சு." எம்.டி. ஐயரைப் பார்த்துத் தலையாட்டினதை இவன் தனக்குன்னு நினைச்சுட்டான். கண்ணுல தண்ணியோட சொன்னான். நான் அவன் தோளைத் தட்டி, ஆருகிட்டயும் சொல்லாதேன்னு அனுப்பி வெச்சேன். நானும் சொல்லலை. சொன்னா அவன் வேலை போயிருமில்லைங்க? ஊருல குடும்பம் இருக்குது அவனுக்கு. அவனுக்காகத்தான் சொல்லலை.

அப்புறம் கார்த்திகை மாசம் பெரிய ஐயா பாத்ரூம்ல வழுக்கி விழுந்து இடுப்பெலும்பு முறிஞ்சு போச்சு. படுத்த படுக்கை. பெரியம்மா ஒரே புடியாப் புடிச்சுக்கிட்டாங்க, பழம் தரையில விழுந்த அன்னிக்கே எனக்குத் தெரியும்னு. மோனிஷாவை ஸ்டோர்ஸ்ல கொண்டுபோய் உக்கார வெச்சாங்க. நட்டு போல்ட்டு எண்ணற வேலை. நான் அந்தப் பக்கம் போறதைக் கொறைச்சுக்கிட்டேன். பார்த்தா அதுக்குச் சங்கடம்தானே? ஆனா எப்பப் பார்த்தாலும் "வணக்கம் சார், சாப்பிட்டீங்களா"ன்னு அதே மாதிரிதான் கேட்கும். ஸ்டோர்ஸ்ல எண்ணெய் டப்பாவை எல்லாம் மின்சாரப் பெட்டி பக்கத்துல இருந்து தள்ளி வெச்சுருக்குதுன்னு கேள்விப்பட்டேன். ஆரும் சொல்லலை, அதுவாப் பண்ணியிருக்குது.

ரெண்டு வருசம் முடிஞ்சதும் வேலையை விட்டுட்டு டிப்ளமாவுக்கு எழுதிப் போட்டுச்சு. சீட்டும் கிடைச்சுருச்சு. சர்டிபிகேட்டைக் கொண்டுபோய்க் குடுக்க நாளைக்குத்தான் கடைசி நாளு. எம்.டி. கம்பெனி சீல் போட்டுத் தரமாட்டேன்னுட்டாரு. தந்துட்டா, நாளைக்கு இது ஆபீசரா ஆகி, பூசையன்னிக்கு சென்சாரை அணைச்சாங்கன்னு எங்கயாச்சும் சொன்னா என்ன பண்றதுன்னு கேட்டாரு.

அப்பத்தான் நான் ஒரு யோசனை சொன்னேன். பெருமைக்குச் சொல்லலை, அந்த நேரத்துல நான் மட்டும் வாயைத் திறக்காட்டி அந்தப் புள்ளை கதை அன்னிக்கே முடிஞ்சிருக்கும். "சார், ஒரு கடுதாசி எழுதி வாங்கிக்கலாம். அதை வாங்கிட்டு சர்டிபிகேட்டைக் குடுத்துடலாம்"னு சொன்னேன். எம்.டி.க்குப் புடிச்சுப் போச்சு. கடுதாசியை நானே எழுதினேன். "சென்ற ஆயுத பூசை அன்று, எவரும் சொல்லாமலும் எவரும் கற்றுத் தராமலும், என் அறியாமையால் நானாகவே இயந்திரத்தை நிறுத்திவிட்டேன். அதற்காக வருந்துகிறேன்." எவரும் கற்றுத் தராமலும்ங்கறது எனக்காகப் போட்டதில்லைங்க. படிக்கறதுக்கு நிறைவா இருந்துச்சு, போட்டேன்.

அதைத் தூக்கிக்கிட்டுத்தான் இன்னிக்கு அவங்க வீட்டுக்குப் போனேன்.

அவங்கம்மா தறியை நிறுத்திட்டு ஓடி வந்தாங்க. பஞ்சு ஒட்டின சேலையோட கையெடுத்துக் கும்புட்டாங்க. "உங்களைத்தானுங்க எப்பப் பார்த்தாலும் சொல்லுவா. எங்க சார் மாதிரி ஒருத்தர்கிட்ட வேலை கத்துக்கறதுக்குக் குடுத்து வெச்சிருக்கோணும்பா"ன்னு சொன்னாங்க. எனக்குத் தூக்கிவாரிப் போட்டுச்சு. வீட்டுல எதுவுமே சொல்லலைங்க அது. ஸ்டோர்ஸ் விசயம், பழம் விசயம், நான் சொன்ன அந்த வார்த்தை, எதுவும் தெரியாது அவங்களுக்கு. அதுக்குள்ள டம்ளர் நிறையக் காப்பி, தட்டுல முறுக்கு. தின்ன முடியுங்களா? ரெண்டு தின்னேன். தின்னாம எந்திரிச்சா மரியாதை இல்லையே.

மோனிஷா வந்து உக்கார்ந்து ரெண்டு காயிதத்தையும் வாங்கிச்சு. சர்டிபிகேட்டை ஒரு தொடை மேல வெச்சுக்கிச்சு. அதுல நான் எழுதியிருக்கறேன், இரண்டு ஆண்டுகள் என் நேரடிப் பார்வையில் இவருக்குப் பயிற்சி அளித்தேன்னு. கடுதாசியை இன்னொரு தொடை மேல வெச்சுக்கிச்சு. அதுல எவரும் கற்றுத் தராமலும்னு இருக்குது. ரெண்டையும் படிச்சுது. நான் சுவத்துல இருந்த காலண்டரைப் பார்த்துக்கிட்டு இருந்தேன்.

அப்ப அவங்கம்மா உள்ள போயிருந்தாங்க. அது மெதுவாக் கேட்டுச்சு. "சார், பிகாஷ் உங்ககிட்ட ஒண்ணும் சொல்லலைங்களா?"

"இல்லையே அம்மிணி"ன்னு சொன்னேன்.

எதுக்கு அப்படிச் சொன்னேன்னு எனக்கே தெரியலைங்க. வாயில வந்துருச்சு. அதுக்குத் தெரிஞ்சு போச்சு, நான் பொய் சொல்றேன்னு. ஆனா மூஞ்சி மாறலை. "சரிங்க சார். பேனா குடுங்க"ன்னு சொல்லுச்சு. கையெழுத்துப் போட்டுச்சு. போட்டுட்டு இன்னும் என்னமோ எழுதுச்சு. தேதி போடுதுன்னு நினைச்சேன். மடிச்சு எங்கிட்டக் குடுத்துட்டு, சர்டிபிகேட்டைக் கொண்டுபோய்ச் சாமி படத்துக்கு முன்னாடி வெச்சுட்டு வந்துச்சு. பஸ் ஸ்டாப் வரைக்கும் வந்து ஏத்தியும் விட்டுச்சு.

வண்டி கெளம்பறதுக்குச் சித்த முன்னாடிதான் பிரிச்சுப் பார்த்தேன். அது கீழ நின்னுக்கிட்டு இருக்குது. இந்தாங்க, நீங்களே பாருங்க. கையெழுத்துக்குக் கீழ, பொடி எழுத்துல. கண்ணாடி இல்லையா? நான் படிக்கறேன். "மேலே உள்ளதை வெள்ளிங்கிரி சார் எழுதிக்கொண்டு வந்தார். அவர் சொன்னதால் கையெழுத்துப் போட்டேன். பூசையன்றும் அவர் சொல்லிக் கொடுத்தபடிதான் செய்தேன்."

என்ன அம்மிணி இப்படி எழுதிட்டியேன்னு படியில நின்னுக்கிட்டே கேட்டேன். "உண்மைதானுங்களே சார். வேணும்னாக் குடுங்க, வேண்டாம்னா விட்டுருங்க. அது உங்க கையில இருக்குது"ங்குது. கோவமே இல்லைங்க. கோவப்பட்டுத் திட்டியிருந்தா, திட்டு வாங்கினதோட கணக்குத் தீர்ந்துச்சுன்னு நிம்மதியாத் தூங்கியிருப்பேன்.

இப்ப எம்.டி. கம்பெனியில காத்துக்கிட்டு இருக்காரு. இதை அப்படியே குடுத்தா என்ன ஆகும்? எனக்கு ஆகறது ஆகட்டும், மூணு வருசத்துல ரிட்டயர்மெண்ட், விடுங்க. இல்லை, விடவும் முடியாது, பொண்ணு கல்யாணம் தை மாசம். ஆனா நான் அதைச் சொல்லலை. அந்தப் புள்ளையை நினைச்சுப் பாருங்க. எம்.டி. காலேஜுக்கு ஒரு போன் போட்டு, அந்த சர்டிபிகேட் செல்லாதுன்னு சொல்லிட்டா? சீட்டுப் போச்சு. ரெண்டு வருசம் போச்சு. கடுதாசி வாங்கிட்டு வரலைன்னு சொன்னாலும் அதேதான். ஆக அதோட நல்லதுக்குப் பார்த்தா, இந்த அடியில இருக்கற மூணு வரி இல்லாம இருக்கறதுதான் நல்லது. இல்லீங்களா?

பாருங்க, கையெழுத்துக்கும் அதுக்கும் நடுவுல ஒரு விரக்கடை இடம் இருக்குது. வேணும்னே விட்ட மாதிரி இருக்குது. இங்க மடிச்சு நகத்தால ஒரு தேய்ப்புத் தேய்ச்சா நேராக் கிழியும். கிழிச்சது தெரியாது. தெரியுங்களா? வெளிச்சத்துல புடிச்சுப் பாருங்க.

ஒண்டிப்புதூர்ல இருந்து நாலஞ்சு தடவை மடிச்சுட்டேன். கிழிக்க வரமாட்டேங்குது. நகத்தை வெச்சா அங்கயே நின்னுருது பாருங்க, பட்டன் அழுத்தின மெஷின் மாதிரி.

நீங்க கொஞ்சம் கிழிச்சுக் குடுத்துருங்களேன். உங்களுக்கு இதுல ஒண்ணும் இல்லைங்க. ஆருன்னே தெரியாது உங்களை. நீங்க கிழிச்சுக் கையில குடுத்தா நான் பேசாம வாங்கிக்கிட்டுப் போயிருவேன். என் கையால வேண்டாம்னு பார்க்கறேன்.

ஏனுங்க, சிங்காநல்லூர் வந்துருச்சு. எறங்க வேண்டியவன் நானு. கடுதாசியைக் கிழிக்காம என் கையிலயே வெச்சுட்டு நீங்க எதுக்குங்க எந்திரிச்சுட்டீங்க?